மஞ்சக் கரண்டி

பிப்ரவரி 3

அக்கா,

போன்ல பேசி ஒண்ணும் ஆகப்போறதில்லன்னு போன ஞாயிறே தெரிஞ்சுபோச்சு. நான் "பயமா இருக்கு"ன்னு சொன்னேன். நீ "பழமா, என்ன பழம்?"னு கேட்ட. திருப்பிக் கத்திச் சொல்ற விஷயமா இது? அடுத்த ரூம்ல பொண்ணு இருக்கா. அதான் பேப்பரும் பேனாவுமா உக்காந்துட்டேன். காது போனாலும் உனக்குக் கண்ணு நல்லா இருக்கே, அந்த மட்டும் சந்தோஷம்.

விஷயத்துக்கு வரேன். பின்கதவுக்கு ஒண்ணு வாங்கணும்னு கடைக்குப் போனேன். என்ன வாங்கணும்னு தெரியும், ஆனா அதோட பேரு வரல. எவ்வளவு நேரம் நின்னாலும் வரல. "கதவுல இருக்கும், இப்படி இழுத்தா இப்படிப் போகும்"னு கையை ஆட்டிக் காட்டினேன். கடைக்காரர் யோசிச்சு யோசிச்சு ஒரு எலிப்பொறியை எடுத்து வெச்சார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வீட்டுல வந்து செருப்பைக் கழட்டும்போது வார்த்தை தானா வந்து நிக்குது, தாழ்ப்பாள். எலிப்பொறியையும் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன், வெக்கக்கேடு.

இதோட போயிருந்தா உனக்கு எழுதியிருக்க மாட்டேன். நேத்து ஸ்கூல் வேன்ல பிள்ளைங்க எல்லாம் இருக்காங்க. ரவுண்டானா வந்துச்சு. அந்த ரெட்டைப் பிள்ளைங்க வீட்டுக்கு இடதா வலதான்னு தெரியல. எத்தனை வருஷமா ஓட்டற ரோடு! ஒரு சுத்து சுத்தினேன், இன்னொரு சுத்தும் சுத்தினேன். பிள்ளைங்க ராட்டினம்னு நெனச்சு கைதட்டுதுங்க. எனக்கு முதுகெல்லாம் வேர்த்து சட்டை ஒட்டிக்கிச்சு.

அம்மாவுக்கும் இப்படித்தானே அக்கா ஆரம்பிச்சுது? முதல்ல சாமான் பேரு போச்சு, அப்புறம் வழி, அப்புறம் நாம. கடைசில என்னைப் பாத்து "யாரு வேணும் உங்களுக்கு"ன்னு மரியாதையாக் கேட்டாங்களே, அது எனக்கு இன்னும் காதுலயே நிக்குது. எனக்கும் அது வந்துடுச்சா? உண்மையைச் சொல்லு. பொண்ணுகிட்ட நான் இன்னும் மூச்சு விடல.

இப்படிக்கு,
உன் மஞ்சக் கரண்டி


பிப்ரவரி 10

டேய்,

எலிப்பொறி வரைக்கும் சிரிச்சேன். மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து என்னன்னு கேக்கற அளவுக்குச் சிரிச்சேன். அதுக்கு மேல படிக்கும்போது சிரிப்பு நின்னுபோச்சு. அம்மா பேச்சை ஏன்டா எடுத்த? எனக்கும் அதே பயம்தான். காலையில கண்ணு முழிச்சதும் நான் பண்ற முதல் வேலை, இன்னிக்கு என்ன கிழமைன்னு எனக்கு நானே சொல்லிப் பாக்கறது. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல.

அதுக்காகக் கையைக் கட்டிட்டு உக்கார முடியுமா? ஆஸ்பத்திரி சமையல்கூடத்துல எந்த நோயாளிக்கு எந்தத் தட்டுன்னு பிரிச்சுப் பிரிச்சு அனுப்பி நரைச்ச தலை இது. கேளு. ஆப்பிளை நறுக்கி வெச்சா கொஞ்ச நேரத்துல கருத்துப்போகுதில்ல? எலுமிச்சை பிழிஞ்சு விட்டா கருக்காது. மூளையும் அப்படித்தான் உள்ளுக்குள்ள துருப்பிடிக்குதாம். அதைத் தடுக்கற சத்துக்குப் பேரு ஆன்டி ஆக்ஸிடன்ட். வயசானவங்களுக்கு ஞாபகம் நிக்கணும்னா அது சாப்பாட்டுலயே போகணும்னு புத்தகம் புத்தகமாப் படிச்சிருக்கேன்.

அதனால நாளையில இருந்து காலையில ஒரு கிண்ணம் கீரை, மதியம் ஒரு கிண்ணம் கீரை. பசலையா இருந்தா ரொம்ப நல்லது. மாதுளை, கருப்புத் திராட்சை, ஒரு கை வால்நட். பால் டீயை விட்டுட்டு பச்சை டீ. கசக்குதுன்னு மூஞ்சியைச் சுளிக்காத. நான் வருஷக்கணக்கா இதைத்தான் சாப்பிடறேன், என் மூளையைப் பாரு, தீட்டின கத்தி மாதிரி இருக்கு. எழுபத்தொண்ணுன்னு யாராவது சொல்லட்டும் பாக்கலாம்.

அப்புறம் ஒண்ணு. கடுதாசிக்கு அடியில கையெழுத்து போடற இடத்துல மஞ்சக் கரண்டின்னு எழுதியிருக்க. அது என்னடா? கடையில வாங்க வேண்டியதை மறக்காம இருக்க அங்க குறிச்சு வெச்சியா?

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உனக்கு இந்த வயசுலயும் குசும்பு குறையல. கடையில வாங்க வேண்டியதாம்! பேரை வெச்சது நீ, இப்ப என்னைக் கிண்டல் பண்றதும் நீ. அந்த வரியை மட்டும் பொண்ணுகிட்ட காட்டினேன், விழுந்து விழுந்து சிரிச்சா.

நீ சொன்ன மாதிரி கீரை ஜோரா நடக்குது. ஒரு கிண்ணம்னு சொன்ன, நான் பயத்துல ரெண்டாப் போட்டுக்கறேன். மாடு பாத்தா வெக்கப்படும். கீரைக்காரம்மா "வீட்டுல முயல் வளக்கறீங்களா"ன்னு கேக்கறாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், மனசுக்குத் தெம்பா இருக்கு. ரவுண்டானாவுல தயக்கமில்லாம திரும்பறேன். தாழ்ப்பாளை தினமும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கறேன்.

ஒரே ஒரு சந்தேகம், கோவிச்சுக்காத. நான் போடற அந்த மாத்திரைக்கு இதனால ஒண்ணும் ஆகாதே? ஆஸ்பத்திரியில இருந்தப்ப தட்டுல கீரை கொஞ்சம் கூடினாலே நீ பரிமாறறவங்களை முறைப்ப. இப்ப நீயே அள்ளிச் சாப்பிடச் சொல்ற. முறை மாறிடுச்சு போல, நமக்கு என்ன தெரியும். பொண்ணு "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கப்பா"ன்னு நச்சரிக்கறா. "எங்க அக்காவுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது"ன்னு வாயை அடைச்சுட்டேன். ரத்தம் குத்திப் பாக்கறதுக்கு இந்த மாசம் போகவும் இல்ல. பரீட்சை சமயம், வேனுக்கு லீவு போட முடியாது.

நீ ஒரு வரி எழுதிப் போட்டா நிம்மதியாச் சாப்பிடுவேன்.

மஞ்சக் கரண்டி


மார்ச் 4

தம்பி,

உன் கடுதாசியைக் கையில வெச்சுட்டு ரெண்டு நாளா நான் நானாவே இல்ல.

எந்த மாத்திரைடா? எந்த ஆஸ்பத்திரி? நீ எப்ப ஆஸ்பத்திரியில இருந்த? நான் எப்ப உன் தட்டைப் பாத்து யாரை முறைச்சேன்? நீ ஒரு காய்ச்சலுக்குக்கூட படுத்தவன் இல்லையே. மறுபடியும் மஞ்சக் கரண்டின்னு வேற எழுதியிருக்க. அந்தப் பேரை நான் வெச்சேன்னு சொல்ற. பேரு மறந்துபோறது வேற, நடக்காததை நடந்த மாதிரி சொல்றது வேற. அம்மாவும் கடைசில அப்படித்தான் சொன்னாங்க, வராதவங்க வந்தாங்கன்னு, செத்தவங்ககூட பேசினேன்னு. உனக்கு இவ்வளவு சீக்கிரமா?

இல்லாத மாத்திரைக்கும் கீரைக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிடு. ரெண்டு கிண்ணம்னா ரெண்டு கிண்ணம், நிறுத்தாத. இந்த ஒண்ணையாவது நாம கெட்டியாப் பிடிச்சுக்கணும்.

ஆனா வேனை நிறுத்து. கெஞ்சிக் கேக்கறேன். ஊரான் வீட்டுப் பிள்ளைங்கடா. ரவுண்டானாவுல சுத்தினதை சிரிப்பா எழுதியிருந்த, எனக்கு அப்பவே சிரிப்பு வரல. நீ நிறுத்தலன்னா நானே பள்ளிக்கூடத்து பிரின்சிபாலுக்கு எழுதிடுவேன். கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுத்துட்டான்னு என் மூஞ்சியில முழிக்காட்டியும் பரவால்ல.

அக்கா


மார்ச் 6

அக்கா

இடது கையால எழுதறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கும். பொறுத்துக்கோ.

பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. அதை முதல்ல சொல்லிடறேன்.

திங்கட்கிழமை காலையில ஓட்டிட்டு இருக்கும்போது ஸ்டீயரிங்ல இருந்த வலது கை வழுக்கி மடியில விழுந்துச்சு. யாரோட கையோ என் மேல விழுந்த மாதிரி பாத்துட்டு இருந்தேன். எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திட்டேன். இறங்காதீங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லப் பாத்தா வாய்ல இருந்து ஊ ஊன்னு சத்தம்தான் வருது. பெரிய கிளாஸ் பொண்ணு ஒருத்தி என் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினா. சின்னது ஒண்ணு பயந்து அழுதுட்டே என் காதைப் பிடிச்சுட்டு நின்னுச்சு.

இப்ப பேச்சு திரும்பிடுச்சு. கை பாதி வந்திருக்கு. வால்வுல ரத்தம் கட்டி, அதுல ஒரு துணுக்கு மூளைக்குப் போயிடுச்சாம். ரத்தம் நீர்த்து இருக்க வேண்டிய அளவுல இல்லவே இல்லன்னாங்க. "மாத்திரையை விட்டுட்டீங்களா"ன்னு டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூட விடல. "புதுசா என்ன சாப்பிட்டீங்க"ன்னார். கீரைன்னேன். எவ்வளவுன்னார். சொன்னேன். தலையில கை வெச்சுக்கிட்டார்.

நீ ஏதோ சொல்ல நான் ஏதோ புரிஞ்சுக்கிட்டேன் போல. என் தப்புதான். பொண்ணு உன் மேல கோவமா இருக்கா. நீ மனசுல வெச்சுக்காத.

தம்பி


மார்ச் 11

உன் பொண்ணு போன் பண்ணினா. அழறது மட்டும் கேட்டுச்சு, ஒரு வார்த்தை புரியல. அன்னிக்கெல்லாம் நீ போயிட்டன்னு நெனச்சுட்டு சுவரைப் பாத்து உக்காந்திருந்தேன். கடுதாசி வந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. படிச்சு முடிச்சதும் அந்த மூச்சும் நின்னுபோச்சு.

எந்த வால்வு? உன் நெஞ்சுல வால்வு எப்ப வெச்சாங்க? நெஞ்சைப் பிளந்து பண்ற ஆபரேஷன் அது, பல்லைப் பிடுங்கற மாதிரி இல்ல. கூடப் பிறந்த ஒருத்திக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு? அப்பனும் மகளுமாச் சேந்து மறைச்சுட்டீங்க. கிழவி பதறுவான்னு மறைச்சீங்களா, செலவு கேப்பான்னு மறைச்சீங்களா?

சொல்லியிருந்தா நான் கீரையைத் தொடச் சொல்லியிருப்பேனா? வால்வு வெச்சவனுக்கு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை கொடுப்பாங்க. கீரையில இருக்கற சத்து அந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. கீரையே கூடாதுன்னு இல்ல, நேத்து எவ்வளவோ இன்னிக்கும் அவ்வளவு. திடீர்னு கூட்டினா ரத்தம் கெட்டியாகும். என் சமையல்கூடத்துல பாத்திரம் கழுவ வந்தவங்களுக்குக்கூட இது தெரியும். நீ என்கிட்ட மறைச்சு, என் கையாலயே உனக்கு விஷம் வெக்க வெச்சுட்ட. இந்தப் பாவத்தை நான் எங்க போய்க் கழுவுவேன்?

பிரின்சிபாலுக்கு எழுதிப் போட்டுட்டேன். உன் கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு. திட்டறதா இருந்தா திட்டு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

இது என் வலது கை. கோணலா இருந்தாலும் வலது கைதான், பாத்துக்கோ.

உன் ரெண்டு கடுதாசியையும் வீட்டுக்கு வந்த பிறகு ஒண்ணாத்தான் படிச்சேன். நாலாம் தேதி எழுதினதைப் படிச்சதும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? நீ சொல்றதுதான் சரியோ, நான்தான் எல்லாத்தையும் கற்பனை பண்ணிட்டு இருக்கேனோன்னு உடம்பெல்லாம் சில்லுனு ஆகிடுச்சு. எழுந்து போய் கதவைச் சாத்திட்டு சட்டையைக் கழட்டிக் கண்ணாடி முன்னாடி நின்னேன். தழும்பு இருக்கு. கழுத்துக்குக் கீழ ஆரம்பிச்சு நேரா இறங்குது. விரலால தடவித் தடவிப் பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு, ஒரு நொடி. அடுத்த நொடி உன்னை நெனச்சேன். அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் மல்லாடினேன். எழுதாம விட்டுடுங்கப்பா, அத்தை தாங்க மாட்டாங்கன்னா பொண்ணு. இப்ப அவளுக்கு உன் மேல கோவம் இல்ல, அழுதுட்டே இருக்கா. ஆனா உண்மையைச் சொல்லுன்னு முதல்ல கேட்டவன் நான். உன்கிட்ட மட்டும் பொய் சொன்னா அது நியாயமா?

யாரும் உன்கிட்ட எதையும் மறைக்கல அக்கா. ஆபரேஷன் நடந்தது உன் ஊர்ல, நீ வேலை பாத்த ஆஸ்பத்திரியிலயேதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். டாக்டரைப் பேசி ஏற்பாடு பண்ணினது நீ. நான் கண்ணு முழிச்சப்ப முதல்ல தெரிஞ்ச முகம் உன்னுது. நாற்காலியில உக்காந்தபடியே தூங்குவ. வீட்டுக்குப் போன்னா போக மாட்ட. ரத்த மாத்திரை சாப்பிடறவங்க தட்டுல மஞ்சள் கலர் கரண்டி வெக்கணும், பரிமாறறவங்க அதைப் பாத்துக் கீரையை அளந்து போடணும்னு நீ வேலையில இருந்தப்ப கொண்டுவந்த ஏற்பாடு அது. என் தட்டுல அந்தக் கரண்டியைப் பாத்ததும், "என்னடா, நீயும் மஞ்சக் கரண்டி ஆயிட்டியா"ன்னு சிரிச்சுட்டே அழுத. அன்னையில இருந்து வார்டு பூரா என்னை அப்படித்தான் கூப்பிட்டுச்சு.

உனக்கு அது போயிடுச்சா அக்கா? மொத்தமாவா?

டாக்டர்கிட்ட கீரை, பழம் பத்திக் கேட்டேன். நல்ல சாப்பாடு உடம்புக்கு நல்லது, மூளைக்கும் நல்லதா இருக்கலாம், ஆனா அதைச் சாப்பிட்டா மறதி வராதுன்னு யாராலயும் எழுதிக் கொடுக்க முடியாதுன்னார். உன்னைப் பத்தியும் சொன்னேன். உடனே கூட்டிட்டு வாங்க, காரணம் சின்னதாக்கூட இருக்கலாம், பாக்காம எதையும் முடிவு பண்ணாதீங்கன்னார்.

பிரின்சிபால் கடுதாசியைப் பத்திக் கவலைப்படாத. வேன் எப்படியும் போச்சு. நீ எழுதினது சரிதான். ஓட்ட வேண்டியவன் நான் இல்ல.

திட்டறதா இருந்தா திட்டி எழுது. சும்மா மட்டும் இருந்துடாத.

தம்பி


மார்ச் 29

தம்பி,

உன் கடுதாசி வந்து நாலஞ்சு நாள் ஆச்சு. முதல்ல கோவம்தான் வந்துச்சு. தன் கோளாறை என் தலையில கட்டப் பாக்கறான்னு நெனச்சேன். மாடி வீட்டு டீச்சர்கிட்ட போய், "என் தம்பிக்கு ஆபரேஷன் எதுவும் நடந்துச்சா"ன்னு சாதாரணமாக் கேக்கற மாதிரி கேட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "வீட்டுச் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தீங்களேம்மா, நான்தானே உங்களுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்தேன்"னாங்க. நான் "ஆமாமா"ன்னு சிரிச்சுட்டு இறங்கி வந்துட்டேன். படியில பாதிதான் இறங்கினேன். கம்பியைப் பிடிச்சுட்டு அங்கயே உக்காந்து அழுதேன்.

தேடிப் பாத்தேன்டா. கண்ணை மூடிட்டு அந்த வார்டைத் தேடினேன். வார்டு வருது. ஜன்னல் வருது, சக்கரம் கிறீச்சிடற தட்டு வண்டி வருது. மஞ்சள் கரண்டிகூட வருது, அதை எந்தப் பெட்டியில போட்டு வெப்போம்னு வருது. கட்டில்ல நீ வரல. யார் யாரோ படுத்திருக்காங்க. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி பாத்த முகமெல்லாம் படுத்திருக்கு. உன்னைக் காணோம்.

வால்வு வெச்சவனுக்குக் கீரை எவ்வளவு போடணும்னு என்னை எப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது ஒரு எழுத்துகூடப் போகல. வால்வு வெச்சவன் நீதாங்கறது மட்டும் போயிடுச்சு. இது என்ன மறதிடா? இது எந்த ஊர் நியாயம்?

கீரைக்கட்டை எல்லாம் தூக்கிக் குப்பையில போட்டேன். வருஷக்கணக்கா மாதுளையை உரிச்சு உரிச்சு விரலெல்லாம் கறையா நிக்குது. யாரை ஏமாத்தினேன்? அப்புறம் சாப்பாட்டு மேல கோவப்பட்டு என்ன புண்ணியம்னு மறுபடி வாங்கிட்டு வந்தேன். எனக்குத்தான் வால்வு இல்லையே.

டாக்டர்கிட்ட வரேன். ரொம்பப் பயமா இருக்கு, ஆனா வரேன். உன் பொண்ணை அனுப்பு, தனியா பஸ் ஏற எனக்குத் துணிச்சல் இல்ல. இனிமே சாப்பாடு, மருந்துன்னு நான் எது சொன்னாலும் நீ கேக்காத. எவ்வளவு அதட்டினாலும் கேக்காத.

இந்தப் பயத்துலயே பெரிய பயம் எதுன்னா, போனது இது ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியாது. போயிருந்தா போனதே தெரியாதே. சின்ன வயசுல இருந்து என்கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான். நான் எதை வெச்சிருந்தேன், எதைத் தொலைச்சேன்னு பாத்துச் சொல்ல இந்த உலகத்துல வேற ஆளே கிடையாது. உனக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் உன் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேங்கறது நடக்காமலே போயிடும்.

அதனால ரத்தம் குத்திப் பாக்க இந்த வாரமே போ. வேன்தான் போச்சே, லீவு இல்லன்னு இனி கதை சொல்லாத. போயிட்டு வந்து எழுது.

அக்கா